கையடக்க கன்சோல்களை ஒப்பிட்டு வாங்குவது எப்படி?

கையடக்க கன்சோல் (கையில் பிடித்தபடி வீடியோ கேம் ஆடும் கருவி) வாங்க நினைப்பவர்கள் இரண்டு மூன்று கருவிகளின் விவரப் பட்டியல்களை அருகருகே வைத்து, எதில் எண்கள் பெரிதாக இருக்கின்றன என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் பல, கருவி மின்னிணைப்பில் செருகப்பட்டு முழு வேகத்தில் ஓடும்போது மட்டுமே உண்மையாக இருப்பவை. ரயிலிலோ படுக்கையிலோ பேட்டரியில் ஆடும்போது அதே கருவி வேறு விதமாக நடந்துகொள்ளும். ஆகவே, நீங்கள் ஆடப்போகும் நிலையில் எந்தக் கருவி எப்படி இருக்கும் என்று கணக்கிடும் முறையை நின்டெண்டோ ஸ்விட்ச் 2, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் ஓஎல்இடி, அசுஸ் ரோக் அல்லி, லெனோவோ லீஜியன் கோ ஆகிய நான்கையும் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

வன்பொருளைப் பார்ப்பதற்கு முன், அடுத்த ஓராண்டில் நீங்கள் உறுதியாக ஆடப்போகும் ஐந்து விளையாட்டுகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் மரியோவோ செல்டாவோ இருந்தால் ஒப்பீடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. நின்டெண்டோ தன் முதன்மை விளையாட்டுகளை மற்றவர்களின் கருவிகளுக்குத் தருவதில்லை. கணினி விளையாட்டுகளே அதிகம் என்றால் மற்ற மூன்றும் போட்டியில் நிற்கும், ஆனால் அவையும் ஒன்றுபோலல்ல. ஸ்டீம் டெக்கில் இருப்பது லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் என்னும் இயங்குதளம். விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை அது புரோட்டான் என்னும் இடைமென்பொருள் வழியாக ஓட்டுகிறது. பெரும்பாலானவை நன்றாகவே ஓடுகின்றன. ஆயினும் ஃபோர்ட்நைட், வாலரன்ட் போன்றவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை ஏற்காததால் அவற்றை ஸ்டீம்ஓஎஸ்ஸில் நிறுவி ஆட முடியாது. ஒவ்வொரு விளையாட்டும் டெக்கில் எப்படி ஓடும் என்ற மதிப்பீட்டை வால்வ் தன் ஸ்டீம் இணையக் கடையின் பக்கங்களிலேயே வெளியிடுகிறது. உங்கள் ஐந்து பெயர்களையும் அங்கே தேடிப் பாருங்கள். விண்டோஸ் 11 உடன் வரும் அல்லியிலும் லீஜியன் கோவிலும் இந்தத் தடை இல்லை.

அடுத்தது பேட்டரி. வாங்குபவர்கள் மிகுதியாக ஏமாறுவது இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஸ்விட்ச் 2-இன் பேட்டரி 5220 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரி தாங்கும் மின்னூட்டத்தின் அளவு). முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரியும் ஏறத்தாழ 5200 எம்ஏஎச்தான். இரண்டும் சமம் என்று தோன்றும். ஆனால் டெக்கின் பேட்டரி ஏறக்குறைய இரு மடங்கு மின்னழுத்தத்தில் இயங்குவதால், அதில் சேரும் ஆற்றல் 40 வாட்-மணி. ஸ்விட்ச் 2-இல் அது சுமார் 20 வாட்-மணி மட்டுமே. எனவே எம்ஏஎச் எண்ணை அடித்துவிட்டு, எல்லாக் கருவிகளுக்கும் வாட்-மணியை மட்டும் எழுதுங்கள்: டெக் ஓஎல்இடி 50, அல்லி 40, பின்னர் வந்த அல்லி எக்ஸ் 80, லீஜியன் கோ 49.2.

ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்பது பாதிக் கணக்கு. எவ்வளவு செலவாகிறது என்பது மறுபாதி. வாட்-மணியை, கருவி ஆடும்போது இழுக்கும் வாட்டால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 40 வாட்-மணி பேட்டரி உள்ள கருவி மொத்தம் 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம் ஆடலாம். அல்லியில் 10, 15, 25 வாட் என மூன்று நிலைகள் உள்ளன. ஆனால் இவை சிப்புக்கு மட்டும் உரிய அளவுகள், திரையும் மின்விசிறியும் வைஃபையும் இழுப்பது தனி. 25 வாட் நிலையில் சிப் மட்டுமே பேட்டரியை ஒன்றரை மணி நேரத்தில் தீர்த்துவிடும் என்றால், மற்றவற்றையும் சேர்க்கும்போது என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிடலாம். விளம்பரத்தில் வரும் வேக எண்களோ பெரும்பாலும் அந்த உச்ச நிலையில் எடுக்கப்பட்டவை. ஸ்டீம் டெக்கின் சிப் 15 வாட்டுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் அதன் வேக எண்கள் சிறியனவாகத் தெரியும். ஆனால் பேட்டரியிலும் அதே எண்கள்தான். விமர்சனம் படிக்கும்போது எத்தனை வாட்டில் சோதித்தார்கள் என்று பாருங்கள். அதைச் சொல்லாத விமர்சனத்தின் வரைபடங்களை ஒதுக்கிவிடுவதே நல்லது.

பேட்டரி இந்தத் துறையின் போக்கையே தீர்மானித்த காலம் உண்டு. 1989-இல் வந்த நின்டெண்டோவின் கேம் பாய் கருவியின் திரை ஒளியில்லாதது, வண்ணமும் இல்லாதது. அதற்குப் போட்டியாக வந்த அடாரி லிங்க்ஸிலும் சேகா கேம் கியரிலும் பின்னொளியுடன் கூடிய வண்ணத் திரை இருந்தது. பட்டியலில் அவையே மேல். ஆனால் அவை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிட, கேம் பாய் நான்கை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. விலையும் குறைவு, டெட்ரிஸ் விளையாட்டும் கூடவே வந்தது. விற்பனையில் கேம் பாயை அவை நெருங்கவே இல்லை.

திரையை ஒப்பிடும்போது புள்ளிகளின் எண்ணிக்கையைச் சிப் சுமக்க வேண்டிய பாரமாகவும் பாருங்கள். டெக்கின் 1280×800 திரையில் சுமார் 10 லட்சம் புள்ளிகள். அல்லி, ஸ்விட்ச் 2 ஆகியவற்றின் 1920×1080 திரையில் சுமார் 20 லட்சம். லீஜியன் கோவின் 2560×1600 திரையில் சுமார் 40 லட்சம். கனமான புதிய விளையாட்டுகளை இந்தச் சிறிய சிப்புகளால் 40 லட்சம் புள்ளிகளில் ஓட்ட முடியாது. லீஜியன் கோவில் தெளிவைக் குறைத்துத்தான் ஆட வேண்டும். அதன் நீள அகலங்கள் டெக்கின் நீள அகலங்களைப் போலச் சரியாக இரு மடங்கு என்பதால், 1280×800-க்குக் குறைத்தாலும் படம் மங்காமல் விரிக்க வழி இருப்பது ஒரு ஆறுதல். அல்லியிலும் ஸ்விட்ச் 2-இலும் படவேகத்துக்கு (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) ஏற்பத் திரையின் புதுப்பிப்பு மாறும் வசதி உண்டு. படவேகம் ஏறி இறங்கும்போது கண்ணுக்குத் தெரியும் உதறலை அது மறைக்கும். டெக் ஓஎல்இடியில் அவ்வசதி இல்லை, ஆனால் நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும் (90 ஹெர்ட்ஸ்) அதன் திரையில் படவேகத்தைச் சரிபாதியான 45-இல் நிறுத்தினால் ஓட்டம் சீராகிவிடும். கறுப்பு கறுப்பாகவே தெரியும் அந்த ஓஎல்இடி திரையை நான் எந்த எண்ணுக்கும் மேலாக மதிப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடையைப் படித்துப் பயனில்லை, தூக்கிப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பிடிகளுடன் ஸ்விட்ச் 2 சுமார் 534 கிராம், அல்லி 608, டெக் ஓஎல்இடி சுமார் 640, லீஜியன் கோ 854. கடைக்குப் போக முடியாவிட்டால், ஒரு தண்ணீர் பாட்டிலில் அந்த எடைக்கு நீர் நிரப்பி, இரு கைகளாலும் முகத்துக்கு நேரே இருபது நிமிடம் பிடித்துப் பாருங்கள். லீஜியன் கோவை மேசையில் நிறுத்தி, பிடிகளைக் கழற்றி ஆடலாம் என்பதால், எப்போதும் மேசையருகே ஆடுபவருக்கு அந்த எடை ஒரு குறையாகாது.

விவரப் பட்டியலில் இடம்பெறாத ஒன்று, பாதியில் நிறுத்தித் தொடரும் வசதி. ஸ்விட்ச் 2-இலும் டெக்கிலும் பொத்தானை அழுத்தினால் விளையாட்டு அப்படியே உறங்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து எழும். விண்டோஸ் கருவிகளில் இதை அந்த அளவுக்கு நம்ப முடியாது. பையில் வைத்த கருவி தானே விழித்துச் சூடாகிப் பேட்டரியைத் தீர்ப்பதாகப் பயனர்கள் நெடுநாளாகக் குறை சொல்கிறார்கள். கிடைக்கும் பதினைந்து நிமிட இடைவெளிகளில் ஆடுபவர் இதற்கு வேகத்தைவிட அதிக மதிப்பெண் தரலாம்.

விலையை எழுதும்போது கூடுதல் செலவுகளையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்விட்ச் 2-இல் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டை மட்டுமே ஏற்கப்படும்; அது சாதாரண அட்டையைவிட விலை கூடியது. டெக் சாதாரண அட்டையையே ஏற்கும். ஜப்பானில் இருக்கும் உறவினர் மூலம் ஸ்விட்ச் 2 வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே 49,980 யென்னுக்கு அறிமுகமான மலிவுப் பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டுமே உண்டு, ஜப்பான் என்று குறிக்கப்பட்ட கணக்கை மட்டுமே அது ஏற்கும், பன்மொழிப் பதிப்பின் அறிமுக விலை 69,980 யென். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் எந்தக் கருவிக்கும் உத்தரவாதம் உங்கள் ஊரில் செல்லுமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கருவி கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் கட்டைவிரலால் நகர்த்தும் இரு ஸ்டிக்குகளையும் சோதித்துவிடுங்கள். அமைப்புப் பகுதியில் உள்ள சோதனைத் திரையில், விரலை எடுத்த பிறகும் புள்ளி நடுவுக்குத் திரும்பாமல் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தால், அதை உடனே மாற்றிக் கேளுங்கள்.