அச்சுக்கு அனுப்பும் முன்: காசு கொடுத்துக் கற்ற தவறுகள்

சென்ற வாரம் எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒரு காதணி விழா அழைப்பிதழை முடித்து, பென்டிரைவில் ஏற்றி, சிவகாசிக்குப் போகும் ஆளிடம் கொடுக்கக் கிளம்பினான். "எழுத்தையெல்லாம் கர்வ் செய்துவிட்டாயா?" என்று கேட்டேன். எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாமல் தெரியும்படி எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றுவதுதான் கர்வ். "தேவையில்லை அண்ணா, அவர்களிடமும் அதே ஃபான்ட் இருக்கிறதாம்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் 2011இல் 18,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பென்டிரைவைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

மதுரையில் அழைப்பிதழ், பிட் நோட்டீஸ், கடைப் பெயர்ப்பலகை, ஃபிளெக்ஸ் என்று கிடைத்ததையெல்லாம் வடிவமைத்துப் பிழைப்பவன் நான். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி நான் செய்து முடித்தவைதான். எழுத்துப்பிழை, மங்கலான படம், கண்ணைக் குத்தும் நிறம் இவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று இப்போது வாடிக்கையாளரே சொல்லிவிடுகிறார். அவர் கண்ணிலும் நம் கண்ணிலும் படாமல் அச்சகம் வரை போய்விடுகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

"அவர்களிடமும் அதே ஃபான்ட் இருக்கிறது"

அது ஒரு திருமண அழைப்பிதழ். நான்கு வண்ணம், 1,000 பிரதிகள். தாளில் புரூஃப் (சரிபார்க்கும் பிரதி) எடுத்து, பெண்வீட்டார் வரிவரியாகப் படித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அச்சகத்தில் இருந்தது கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு. "பழைய பதிப்பில் சேமித்து, ஓப்பன் ஃபைலாகவே அனுப்புங்கள். ஃபான்ட் எங்களிடம் இருக்கிறது" என்றார்கள். பெயரைக் கேட்டேன். என்னிடம் இருந்த அதே பெயர். கர்வ் செய்யாமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் கட்டு வந்து சேர்ந்தது. முதல் அழைப்பிதழைக் குலதெய்வத்துக்கு வைக்க வேண்டும் என்று பெண்வீட்டார் மஞ்சள் கிண்ணத்தோடு கடைக்கே வந்திருந்தார்கள். பெண்ணின் பாட்டி ஒரு பிரதியை மேசைமேல் விரித்து, மஞ்சளைத் தொட்டு, முதல் மூலையில் வைத்தார். இரண்டாவது மூலைக்குப் போகும் வழியில் விரல் நின்றுவிட்டது. "தம்பி, முருகனுக்கு முன்னால் இதென்ன பெட்டி?"

'ஸ்ரீ முருகன் துணை' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'ஸ்ரீ' இல்லை. ஒரு சின்ன வெற்றுச் சதுரம் இருந்தது. மற்ற எல்லா எழுத்தும் பழுதில்லாமல் இருந்தன. ஒரே ஒரு எழுத்து, 1,000 அட்டைகளின் உச்சியில்.

அச்சகத்துக்குப் போன் செய்து கத்தினேன். "நீங்கள் அனுப்பியதைத்தான் அச்சடித்தோம்" என்றார் உரிமையாளர். அவர் சொன்னதில் தவறில்லை. பிளேட் (அச்சுத் தகடு) போடுகிறவர் வண்ணம் பொருந்துகிறதா, வெட்டுக்குறி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, முகூர்த்த மாதத்தில் ஒவ்வொரு அழைப்பிதழையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி நேரில் போய், கையிலிருந்து 18,000 கொடுத்து மறுபடி அச்சடித்து வந்தேன். அந்த வேலைக்கு என் வடிவமைப்புக் கூலி 1,500 ரூபாய்.

எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் தவறு திரும்பாது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரம் யூனிகோடு. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் எழுத்து வைக்க மொத்தம் 256 இடங்கள். அதில் ஒரு பகுதி கணினியின் சொந்த உபயோகத்துக்குப் போய்விடும். தமிழுக்கோ 247 எழுத்துகள். அதற்கு மேல் கிரந்தம், எண்கள், நிறுத்தற்குறிகள். எல்லாவற்றுக்கும் தனி இடம் கிடையாது என்பதால் கொம்பு, கால், கொக்கி என்று உடைத்துத்தான் அடைக்க முடியும். எதை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஆளுக்கொரு வழி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரண்டு தரங்கள் வந்தன. ஆனால் சந்தையில் ஏற்கெனவே உலவியவை அப்படியே உலவின. ஒரே பெயருள்ள எழுத்துருவின் இரண்டு பதிப்புகளில் க, ச, த எல்லாம் ஒத்துப்போகும். ஓரத்தில் ஒதுக்கப்பட்ட ஸ்ரீ, க்ஷ, ஷ போன்றவை இடம் மாறியிருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. முழுப் பக்கமும் கிறுக்கலாகிவிட்டால் பிளேட் போடுகிறவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். ஒரே ஒரு எழுத்து விழுந்தால் யாருக்கும் தெரியாது. அதுதான் ஆபத்து.

புரூஃப் என்னைக் காப்பாற்றவில்லையே என்று பல நாள் பொருமிக்கொண்டிருந்தேன். எப்படிக் காப்பாற்றும்? புரூஃபில் இருந்தது என் கணினியின் எழுத்துரு, அச்சானது அவர்களுடையது. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டது ஒரு கோப்புக்கு, நான் அச்சுக்கு அனுப்பியது வேறொன்றுக்குச் சமம்.

இப்போது எங்கள் கடையில் வழக்கம் இது. மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு ஒரு நகல் எடுக்க வேண்டும். நகலில் எல்லா எழுத்தையும் கோடுகளாக மாற்ற வேண்டும். கோரல் டிராவில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. கோப்பின் விவரங்களைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பெயர்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. எங்கேயோ ஓரத்தில் ஒரு தொலைபேசி எண் மட்டும் மாறாமல் ஒளிந்திருக்கும். அப்புறம்தான் புரூஃப். அந்த நகலிலிருந்து எடுத்த தாளில்தான் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

மாற்றியபின் இன்னொரு முறை படிக்கவும் வேண்டும். கோரல் டிராவில் மாற்றும்போது இரண்டு உருக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், ஏறிய இடம் வெள்ளை ஓட்டையாகிவிடும். 'கி'யின் கொக்கி உடலோடு சேரும் இடத்தில் எலி கடித்தாற்போல் ஒரு துளை. திரையில் சிறிதாக்கிப் பார்த்தால் தெரியாது.

இதற்கு நேர்மாறான வேதனை யூனிகோடில் இருக்கிறது. வாடிக்கையாளர் போனில் தட்டி அனுப்பிய வாசகத்தை எடுத்து அப்படியே ஒட்டுகிறார்கள். 'கொ' நம் கண்ணுக்கு மூன்று துண்டு: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். யூனிகோடு அதை முதலில் க, அடுத்து ஒகரக் குறி என்றுதான் சேமிக்கிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத பழைய மென்பொருள், கொம்பைப் பின்னால் தள்ளி, பக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்றையும் போட்டுவிடும். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக ஏற்ற பிறகும் கொம்பு இடம் மாறிய பலகைகள் தெருவில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப் போன்றவற்றின் புதிய பதிப்பாக இருந்தால் எழுத்து தொடர்பான அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்குங்கள், சரியாகிவிடும்.

யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறவர்கள் மணமக்களின் பட்டத்தைக் கவனியுங்கள். பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் இருக்கும் எம்.பி.ஏ. மீதும் அதே தமிழ் எழுத்துரு ஏறி, படித்த படிப்பு புரியாத மூன்று தமிழ் எழுத்துகளாக நிற்கும்.

புள்ளியை விழுங்கும் பார்டர்

ஒரு பயிற்சி மையத்துக்கு இருபதுக்குப் பத்தடி ஃபிளெக்ஸ். நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, எழுத்தைச் சுற்றித் தடிமனாக வெள்ளை பார்டர். செய்தது நானில்லை, அப்போது பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவர். அந்த பார்டர் எழுத்தின் உள்பக்கமாகவும் வளர்ந்து, 'கல்வி'யில் இருந்த புள்ளியைத் தின்றுவிட்டது. மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒன்றரை நாள் நின்றது. கல்லூரி மாணவர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.

பார்டரை எழுத்தின் பின்னால் தனி அடுக்காகப் போடுங்கள். அப்போது எழுத்து முழுதாக இருக்கும், வெளிப்பக்கம் மட்டும் வளரும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் தப்பில்லை. மாசி வீதிகளில் மிஞ்சியிருக்கும் கையால் எழுதிய பழைய பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் இது புரியும். அந்த ஓவியர்கள் சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போடும்போதே மேலே புள்ளிக்கென்று ஒரு பாத்தி ஒதுக்கிவிடுவார்கள். புள்ளி வட்டமாக, சில கடைகளில் வைரக்கல் போல, எட்டடி தள்ளி நின்றாலும் தெரியும். கணினி எழுத்துருவின் புள்ளி புத்தகத்துக்காக வரையப்பட்டது. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமலே எழுதினார்கள், படித்த புலவர் இட்டு நிரப்பிக்கொண்டார். பைக்கில் போகிறவரிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது.

ஆங்கிலத்துக்கான வரி இடைவெளி

மென்பொருள் தானாக வைக்கும் இடைவெளி பெரும்பாலும் எழுத்தளவில் 120 சதவீதம். 10 புள்ளி (பாயின்ட் என்ற எழுத்தளவு) எழுத்துக்கு 12. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல்வரியின் 'கூ' வால் கீழே இறங்கும், கீழ்வரியின் 'கீ' சுழி மேலே ஏறும். இரண்டும் நடுவில் மோதிக்கொள்ளும். நான் 14இல் தொடங்கி, எழுத்துருவைப் பார்த்து 15 வரை போவேன். இடம் போதவில்லை என்றால் எழுத்தை அரைப் புள்ளி குறைப்பேன், இடைவெளியில் கை வைக்க மாட்டேன். இதில் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். "காலியாக இருக்கிறதே, இன்னும் இரண்டு தாய்மாமன் பெயர் போடலாமே" என்பார். போடுங்கள். அட்டையை ஒரு மடிப்புக் கூட்டி, அதற்கும் சேர்த்துக் காசு வாங்குங்கள்.

எழுத்தை இழுத்து நீட்டுவது

வேண்டாம்.

நான்கு மையில் கறுப்பு

போட்டோஷாப்பில் திரைக்குரிய கறுப்பை அச்சுக்குரியதாக மாற்றினால், வழக்கமான அமைப்பில் அது ஏறத்தாழ சயான் (நீல மை) 75, மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) 68, மஞ்சள் 67, கறுப்பு 90 சதவீதம் என்று ஆகும். கூட்டினால் 300. அதை 8 புள்ளி எழுத்துக்குப் போட்டால், நான்கு பிளேட்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தினால்தான் படிக்க முடியும். கொஞ்சம் விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு நிழல் விழும். சிறிய எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும், மற்றவை சுழி. பெரிய கறுப்புப் பரப்பில் கதை வேறு: வெறும் கறுப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரியும் என்பதால் அதோடு சயான் 40 சேர்ப்பேன். அதற்கு மேல் அள்ளிக் கொட்டினால் மை காயாது. அடுக்கி வைத்த தாளில் மேல்தாளின் முதுகில் ஒட்டி அப்பிவிடும்.

பழமைக்காகப் பழைய 'லை'

மரச்செக்கு எண்ணெய்க் கடை, பாரம்பரிய உணவகம் என்றால் உடனே துதிக்கை வைத்த 'லை'யைத் தேடிப் போகிறார்கள். பார்க்க அழகுதான். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் மாற்றியது அந்த ஒன்றை மட்டுமல்ல. ணை, ளை, னை, ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் என்று மொத்தம் பதின்மூன்று. பலகையின் இடது பக்கம் பழைய 'லை', வலது பக்கம் புதிய 'னை' என்றால் வேட்டிக்கு மேல் டை கட்டிய மாதிரி இருக்கிறது. ஒன்று எல்லாமே பழையது, இல்லையென்றால் எல்லாமே புதியது.

வரி தொடக்கத்தில் தனியாக நிற்கும் கால்

நீண்ட சொல் இடம் போதாமல் உடையும்போது 'ா' மட்டும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பத்திகளின் இடது ஓரத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை பாருங்கள். அரை நிமிட வேலை.

இரவு பதினொரு மணித் திருத்தம்

போனில் சொன்னால் செய்யாதீர்கள். எழுதி அனுப்பச் சொல்லுங்கள், காலையில் செய்யுங்கள்.

"சும்மா ஒரு மாதிரி போட்டுக் காட்டுங்கள், பிடித்தால் பேசிக்கொள்வோம்"

முன்பணம்.