ஓடும் சாப்பாட்டு வானில் பழைய காஸ் அடுப்பை மாற்றும்போது

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுப் பெருநாளுக்கும் போய் நிற்கிற சாப்பாட்டு வான்களில் அடுப்பு சரிவராமல் போனால் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். பேர்னரை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புதிதாக ஒன்றை வாங்கிவந்து அதே பைப்பில் கொழுவிவிடுவார்கள். வார்ப்பிரும்புப் பேர்னர் லேசில் சாகாது. அது பழுதாகிற வயதுக்கு முன்னமே றபர் ஹோஸும் ரெகுலேற்றரும் செத்திருக்கும். ஆகவே சிலிண்டரின் வாயிலிருந்து நெருப்பு வரைக்கும் முழுப் பாதையையும் மாற்றுவதாக நினைத்தே காசை ஒதுக்குங்கள்.

வீட்டுக் குசினியில் செய்கிற வேலையை அப்படியே வானில் செய்ய முடியாது. சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தளத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கும். கதவு மூடிய வானின் தளம் ஒரு தொட்டிதான். காற்றில் 2 வீதமளவுக்குக் காஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதோடு கிரவல் றோட்டில் ஓடுகிற குலுக்கலில் இறுக்கின நட்டுகள் எல்லாம் தளரும்.

எவ்வளவு பெரிய அடுப்பு?

ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறக்குறைய 12.8 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். தேத்தண்ணீருக்கும் கறி சூடாக்கவும் 3 கிலோவாட் பேர்னர் போதும். கொத்துறொட்டிக் கல்லுக்கு 8 அல்லது 9 வேண்டும். 9 கிலோவாட் பேர்னரை முழு நெருப்பில் வைத்தால் மணிக்கு 0.7 கிலோ போகும், 12.5 கிலோ சிலிண்டர் 18 மணித்தியாலமளவில் முடியும். இரண்டு பெரிய பேர்னரை ஒரே சிலிண்டரில் கொழுவினால் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்துக் குளிர்ந்து, நெருப்புச் சிறுக்கும். அந்த நேரம் சிலிண்டரைச் சரிப்பதும், அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றுவதும் வேண்டாத வேலை. சரித்தால் ரெகுலேற்றருக்குள் திரவமாகவே காஸ் போய், நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பும்.

ஹை பிரஷர் பேர்னர் கெதியாகச் சூடாகும் என்று பலர் அதையே கேட்டு வாங்குகிறார்கள். திறந்தவெளியில் சோறு ஆக்க அது நல்லது. வானுக்குள் வேண்டாம். லோ பிரஷரில் வேலை செய்யும் பல வளையப் பேர்னரே போதும். லோ பிரஷர் அடுப்பில் ஹை பிரஷர் ரெகுலேற்றரைப் பூட்டுவது எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். பேர்னருக்குள் காஸைப் பீச்சுகிற ஜெட்டின் துளை ஒரு அழுத்தத்துக்கென்று அளந்து போட்டது, ஹோஸும் அப்படித்தான்.

வாங்கும்போது தெர்மோகப்பிள் வைத்த அடுப்பாகப் பாருங்கள். நெருப்பு அணைந்தால் அதன் முனை குளிர்ந்து, காஸ் தானாக அடைபடும். மே தொடங்கிச் செப்டெம்பர் மட்டும் சோளகம் வீசுகிற வன்னியில் இதற்குக் கொடுக்கிற மேலதிகக் காசு வீண்போகாது. விற்கிற பக்கக் கதவைத் திறந்தவுடன் காற்று நெருப்பைத் தின்னும். அடுப்பின் மூன்று பக்கமும் தட்டின் உயரத்துக்குத் தகடு மறைப்பு வையுங்கள். அடியை மட்டும் மறைக்கக்கூடாது, பேர்னர் மூச்சு எடுப்பது அதால்தான்.

கழற்றுவது

கராஜ் குழிக்கு மேலே வானை நிறுத்தாதீர்கள், கசிந்த காஸ் குழிக்குள் இறங்கி நிற்கும். வெளியில், மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு அடுப்பை எரியவிட்டுப் பைப்பில் மிஞ்சினதை முடியுங்கள். பிறகு பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, எல்லாக் கதவையும் திறந்து 15 நிமிடம் பொறுங்கள். நட்டைக் கழற்ற இரண்டு ஸ்பனர் வேண்டும்: ஒன்று நட்டைத் திருப்ப, மற்றது பொருத்தைப் பிடிக்க. ஒரு ஸ்பனரால் இழுத்தால் செம்புப் பைப் முறுகி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

அடுப்பு நின்ற இடத்துப் பலகையை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி லேசாக இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். வருடக்கணக்காகச் சூடேறிக் கருகின பலகை, புதுப் பலகையைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். பின்னால் பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் வைத்திருந்தால் உடைக்கவோ அரியவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக எடுத்து, உரப்பையில் கட்டுங்கள்.

புது மறைப்புக்கு எவர்சில்வர் தகடு நல்லது. ஆனால் தகட்டைப் பலகையோடு ஒட்ட அடித்தால் பயனில்லை, சூடு நேரே பலகைக்குப் போகும். 1 அங்குலப் பைப் துண்டுகளை இடையில் வைத்துப் பூட்டினால் நடுவில் காற்று ஓடும். மேலும் கீழும் திறந்தபடி விடுங்கள்.

சிலிண்டர் பெட்டி

சிலிண்டர் ஆட்களும் அடுப்பும் இருக்கிற பகுதிக்குள் நிற்கக்கூடாது. பின்பக்கமாகத் தனிப் பெட்டி செய்து, உள்பக்கம் ஒரு துளையும் இல்லாமல் அடைத்து, வெளிப்பக்கம் கதவு வையுங்கள். பெட்டியின் தளத்தில், கீழே வெளிக்குத் திறக்கிறபடி, மொத்தம் 100 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாத துளை வேண்டும், அதாவது 10க்கு 10 அளவு. மாரியில் சேறு வந்து இதை அடைக்கும் என்று தகரம் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. மூடினால் பெட்டி செய்த நோக்கமே போய்விடும். கம்பிவலை அடியுங்கள், போதும். புகைக்குழாய் அந்தப் பக்கம் வருகிறதா என்று குனிந்து பார்க்கவும் மறக்காதீர்கள்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்கவேண்டும். மேலேயும் கீழேயுமாக இரண்டு பட்டி போட்டு இறுக்குங்கள். ஒரு கயிறு காணாது.

பைப்பும் ஹோஸும்

பெட்டியிலிருந்து அடுப்புவரை 3/8 அங்குலச் செம்புப் பைப், பைப்பின் வாயைப் புனல்போல விரித்து நட்டால் இறுக்குகிற பிளேர் நட்டுப் பொருத்துகள். பைப்பை விரிப்பதற்கு முன் நட்டை உள்ளே போட மறப்பது எல்லோரும் விடுகிற பிழை. விரித்த வாயில் கீறலோ வெடிப்போ இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி விரியுங்கள். பிளேர் பொருத்தில் ரேப் சுற்றக்கூடாது: அங்கே செம்பும் பித்தளையும் நேராக அழுத்தித்தான் காஸை அடைக்கின்றன, ரேப் இடையில் புகுந்தால் கசியும்.

பைப்பை அரை மீற்றருக்கு ஒரு கிளிப் வீதம், றபர் வைத்த கிளிப்பால் பிடியுங்கள். குலுங்கக் குலுங்கச் செம்பு விறைத்து உடையும். தகட்டை ஊடுருவும் இடத்தில் றபர் வளையம் போடாவிட்டால் தகட்டின் கூர் பைப்பை அரிந்துவிடும். பொருத்து ஒன்றையும் பலகைக்குப் பின்னால் மறைக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில், ஆனால் நெருப்புக்கு மேலால் கை நீட்டாமல் எட்டுகிற இடத்தில், ஒரு பூட்டு வால்வு வையுங்கள்.

றபர் ஹோஸ் பெட்டிக்குள் மட்டும், அதுவும் இயன்றளவு கட்டையாக இருக்கட்டும். இரண்டு முனையிலும் கிளிப் வேண்டும். வானில் ஓடுகிற ஹோஸை இரண்டு வருடத்துக்கு மேல் நம்பவேண்டாம், வளைத்தால் வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் விபத்துகள் நடந்தபோது காஸில் புரொப்பேன் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும், பழைய ரெகுலேற்றர் அதைத் தாங்கவேண்டும். ரெகுலேற்றர் சிலிண்டரின் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வாங்கும்போதே போட்டுப் பாருங்கள். தட்டி ஏற்றினால் உள்ளே இருக்கிற றபர் வளையம் கிழியும்.

கசிவு பார்ப்பது

சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முதல் செய்யவேண்டியது தண்ணீர்க் குழாய்ச் சோதனை, செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒன்றரை மீற்றர், உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் ஹோஸை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விடுங்கள். பைப்பை அடுப்பில் பூட்ட முதல், அதன் முனையில் ஹோஸ் செருகுகிற நிப்பிள் போட்டு, இந்த ஹோஸின் ஒரு வாயைச் செருகிக் கிளிப்பால் இறுக்குங்கள். சிலிண்டரை மெல்லத் திறந்தால் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கி மற்றப் பக்கம் ஏறும். லோ பிரஷர் ரெகுலேற்றர் சரியாக இருந்தால் இரண்டு மட்டத்துக்கும் இடையில் 30 முதல் 36 சென்ரிமீற்றர் வரை இருக்கும். அதற்கு மிகக் கூடி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேற்றர் பழுது.

இப்போது சிலிண்டர் வால்வை மூடுங்கள். 5 நிமிடம் விட்டு மட்டத்தைப் பேனையால் குறித்து, இன்னும் 10 நிமிடம் பாருங்கள். அசையக்கூடாது. இதை நிழலில் செய்யுங்கள், வெயில் பட்டால் பைப்புக்குள் காஸ் விரிந்து கணக்கைக் குழப்பும். மட்டம் இறங்கினால் மட்டும் நுரையோடு ஒவ்வொரு பொருத்தாகப் போங்கள். அடுப்பைப் பூட்டிய பிறகு அந்தக் கடைசிப் பொருத்துக்கும் நுரை வையுங்கள். ஹை பிரஷர் ரெகுலேற்றரில் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யவே கூடாது, தண்ணீர் முகத்தில் அடிக்கும். நெருப்புக்குச்சியால் கசிவு தேடுவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

முதல் நெருப்பு

நெருப்பு நீலமாக, வளையத்தில் ஒட்டியபடி நிற்கவேண்டும். மஞ்சளாகி, சட்டிக்குக் கரி பிடித்தால் காற்றுக் காணாது. பேர்னர் குழாயின் காற்று வாயைக் கொஞ்சம் திறவுங்கள். வளையத்தை விட்டு எழும்பி இரைந்தால் காற்றுக் கூடிவிட்டது, அல்லது அழுத்தம் கூட. ‘டப்’ என்று உள்ளுக்குள் போய் எரிந்தால் உடனே பூட்டி, ஆறவிட்டு, ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள். வான் சில மாதம் சும்மா நின்றிருந்தால் பேர்னர் குழாய்க்குள் குளவி மண் வைத்திருக்கும், சிலந்தி வலை பின்னியிருக்கும். பிறஷ்ஷால் துடையுங்கள். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள், துளை பெருத்தால் அந்த ஜெட் முடிந்தது.

மஞ்சள் நெருப்போடு கதவை மூடிக்கொண்டு சமைத்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணம் இல்லை, தலையிடியும் சத்தியும்தான் அடையாளம். கூரையில் ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும் எந்த மழைக்கும் மூடாமல் இருக்கவேண்டும்.

2 கிலோ உலர் தூள் தீயணைப்பானைக் கதவடியில் கொழுவுங்கள். அடுப்புக்குப் பின்னால் கொழுவினால் தேவையான நேரம் கை எட்டாது. எண்ணெய்த் தாச்சி பற்றினால் காஸைப் பூட்டி மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றக்கூடாது.

ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கவேண்டும், முறிகண்டியிலிருந்து மாங்குளம் மட்டும்தானே என்றாலும். முதல் 100 கிலோமீற்றர் ஓடின பிறகு எல்லாப் பொருத்துக்கும் திரும்ப நுரை வையுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும்.