குடியிருப்பவரை விருந்தாளி ஆக்கிவிடுகிறோம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வரிசையில் போய் எடுக்கும், புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில், பலரும் தனக்கு வரவேண்டும் என்று ஆசைப்படும் வசனம் ஒன்று உண்டு. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபம் 4:13. ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் பிளஸ் டூ பிள்ளையின் மேசைக்கு மேலேயும் இதுதான். தேவன் நமக்குள் வாசம்பண்ணிப் பலம் தருகிறார் என்று நம்பி, தேர்வு, விசா, வீட்டுக்கடன் என்று "எல்லாவற்றையும்" என்ற இடத்தில் அவரவர் தேவையைப் போட்டுக்கொள்கிறோம்.

இதற்கு முந்தின வசனத்தை நான் எந்த அட்டையிலும் பார்த்ததில்லை. "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று தொடங்கி, திருப்தி, பட்டினி, பரிபூரணம், குறைவு என்று பவுல் அடுக்குகிறார். அந்த "எல்லாம்" இதுதான். எழுதியவர் விலங்கோடு காவலில் இருந்தவர். சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குலைந்துபோகாமல் இருக்கிற பலத்தைப் பற்றி அவர் சொன்னார். நாம் அதை நினைத்ததைச் சாதிக்கிற பலமாக வாசித்துவிட்டோம். அது நடக்காதபோது, "எனக்குள் ஆண்டவர் இல்லையோ?" என்று சந்தேகம் வருகிறது. தேவன் நமக்குள் வாசம்பண்ணுகிறார் என்ற போதனையை நாம் தவறாகப் பிடித்துக்கொள்கிற இடங்களில் இதுவே முதலாவது.

அடுத்தது "வாசம்" என்ற சொல்லையே மறந்துவிடுவது. விசுவாசத்தினாலே கிறிஸ்து உங்கள் இருதயங்களில் வாசமாயிருக்க வேண்டும் என்று எபேசியர் 3:17 சொல்கிறது. அங்கே மூலமொழியான கிரேக்கத்தில் இருப்பது, ஒரு வீட்டில் நிலையாகக் குடியிருப்பதைக் குறிக்கும் சொல். வழிப்போக்கனாகத் தங்கிப் போவதற்கு அந்த மொழியில் வேறு சொல் உண்டு. விருந்தாளி வந்தால் கூடத்தை மட்டும் ஒழுங்குபண்ணி, நல்ல தம்ளரில் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். குடியிருப்பவருக்கு மூட்டைகட்டிப் போட்ட அழுக்குத்துணியும் தெரியும், காலையில் பிள்ளைகள்மேல் நாம் போடுகிற சத்தமும் கேட்கும். நம்முடைய ஜெபமோ பெரும்பாலும் விருந்தாளியைக் கூப்பிடுகிற ஜெபம். கூட்டத்துக்குப் போனால் வருகிறார், கைதட்டிப் பாடினால் இறங்குகிறார், திங்கட்கிழமை காலை பேருந்து நெரிசலில் போய்விடுகிறார் என்றுதான் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது.

இந்தக் கணக்கு உணர்ச்சியை வைத்துப் போடுகிற கணக்கு. மெய்சிலிர்த்தால் இருக்கிறார், சிலிர்க்காவிட்டால் இல்லை. கண்ணீரோடு ஆராதிப்பதை நான் குறைசொல்லவில்லை, அழுகிறவர்கள் அழட்டும். ஆனால் அதை அளவுகோலாக்கினால் அன்னை தெரசாவை என்ன செய்வது? அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 2007-ல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், தேவன் அருகில் இருப்பதான உணர்வே இல்லாத இருட்டில் அவர் நடந்திருக்கிறார். கொல்கத்தா தெருக்களில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிவந்ததும் அந்த ஆண்டுகளில்தான். ஒன்றும் உணராமலே அவ்வளவும் செய்ய முடிந்தது என்றால், பலம் வருகிற வாசல் உணர்ச்சி மட்டும் அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. தலைமயிர் சிரைக்கப்படாதவரை பெரும்பலசாலியாக இருந்த சிம்சோன், அது சிரைக்கப்பட்ட பின்னும் எப்போதும்போல உதறிக்கொண்டு வெளியே போவேன் என்றுதான் எழுந்தான். "கர்த்தர் தன்னைவிட்டு விலகினதை அவன் அறியவில்லை" என்கிறது நியாயாதிபதிகள் 16. தெம்பாக இருப்பதாக உணர்ந்தவனுக்குள் பலம் இல்லை. இருட்டாக உணர்ந்தவருக்குள் இருந்தது. உணர்ச்சி இரண்டு பக்கமும் பொய்ச்சாட்சி சொல்லும்.

பலவீனம் போனால்தான் பலம் வந்ததாக அர்த்தம் என்று நினைப்பதும் இதன் உடன்பிறப்புதான். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் எது என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. கண்நோய் என்பார்கள், வேறு என்னென்னவோ சொல்வார்கள். எதுவானாலும் அது எடுக்கப்படவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. இதைச் சொல்கிற அதே 2 கொரிந்தியர் நிருபத்தில் "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்" என்கிறார். மண்பானை வெண்கலமாக மாறினால்தான் உள்ளே பொக்கிஷம் இருக்கிறது என்று நம்புவேன் என்பவருக்குப் பவுலிடம் சாட்சி கிடைக்காது.

தமிழில் வாசிக்கிற நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதையும் நழுவவிடுகிறோம். 1 கொரிந்தியர் 3:16-ல் "நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்கள்" என்று இருக்கிறது. இக்கால ஆங்கிலத்தில் "you" என்று மட்டும் வாசிப்பவருக்கு இது ஒருவரா பலரா என்று எளிதில் தெரியாது. தமிழில் "நீங்கள்" என்று தெளிவாகவே நிற்கிறது. ஆனால் நாம் மரியாதைக்கும் "நீங்கள்" என்போமே! அதனால் "எனக்குத்தான் சொல்கிறார்" என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். உண்மையில் அது பன்மை. ஆலயம்தான் ஒருமை. பல பேர், ஒரே ஆலயம். "நான் பவுலைச் சேர்ந்தவன்", "நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கட்சி கட்டிக்கொண்டிருந்த சபைக்கு எழுதப்பட்டது இது. அடுத்த வசனத்தில் ஆலயத்தைக் கெடுக்கிறவனைப் பற்றிய எச்சரிக்கை வருகிறது. அதைப் பீடி சிகரெட்டுக்கு எதிராக எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்! அந்த இடத்தில் அது சபையை உடைக்கிறவர்களுக்குச் சொன்னது. ஒவ்வொருவருடைய சரீரத்தையும் ஆலயம் என்று சொல்வது ஆறாம் அதிகாரத்தில், வேசித்தனத்தைப் பற்றிப் பேசும்போது.

இதை மறப்பதால் வருகிற நஷ்டம் பெரியது. உள்ளே இருக்கிறவர் போதும், சபையும் வேண்டாம் சகோதரரும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்கிறவர், சோர்வு வரும் நாளில் தன் மனதின் குரலை மட்டுமே கேட்க வேண்டியிருக்கும். ஹிட்லரின் நாஜிகளால் 1945-ல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் இதைத் துணிந்து எழுதினார்: என் இருதயத்தில் இருக்கிற கிறிஸ்து, என் சகோதரன் வாயின் வார்த்தையில் வருகிற கிறிஸ்துவைவிடப் பலவீனமானவர் என்ற கருத்தில். என் இருதயம் தடுமாறும். அந்நேரம் இன்னொருவர் வந்து சொல்ல வேண்டும். "ஆவியானவர் என்னோடு பேசினார்" என்று சொல்லி வேலையை விடுவது, பெண்பார்ப்பது, சபை மாறுவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆவிகளைச் சோதித்தறியுங்கள் என்றுதானே யோவான் எழுதினார். சோதிக்க இன்னும் இரண்டு பேராவது வேண்டும்.

அதிகாலை நாலு மணிக்கு, அறைக்குள், முழங்காலில் மட்டுமே அவரோடு இருக்க முடியும் என்ற எண்ணம் பெண்களைத்தான் அதிகம் வதைக்கிறது. கைக்குழந்தையும் டிபன் பாக்ஸும் உள்ளவருக்கு நாலு மணி ஏது? பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் பாத்திரங்களுக்கு நடுவே வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், அந்த வேலையின் நடுவிலேயே ஆண்டவரோடு பேசப் பழகினார். அந்தப் பழக்கம் கைவர அவருக்கே பல வருஷம் பிடித்தது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் அதிகம். தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், செத்துவிடலாம்போல இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, "ஆவியானவர் உங்களுக்குள் இருந்தால் இப்படி வருமா சிஸ்டர்? விசுவாசம் குறைந்துபோச்சு" என்று சொல்லிவிடுகிறோம். மாத்திரை சாப்பிடுவதை அவிசுவாசம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி எலியா, அதற்குப் பிறகு கொஞ்ச நாளுக்குள் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். எலியா சாப்பிட்டுக் குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் அவரைத் தூங்கவிட்டான். இரண்டாந்தரம் வந்தபோதும் முதலில் சொன்னது சாப்பிடு என்றுதான், போகவேண்டிய தூரம் அதிகம் என்பதால்.