ஹீலியோஸ்பியர் வரைபடம்: எண்ணுவதில் நேரும் தவறுகள்

சூரியக் காற்று ஊதிப் பெருக்கிய குமிழிதான் ஹீலியோஸ்பியர். அதன் எல்லையைக் கடந்தும் தகவல் அனுப்பியவை வாயேஜர் 1 (2012), வாயேஜர் 2 (2018) ஆகிய இரண்டு விண்கலங்கள் மட்டுமே. மற்றத் திசைகளுக்கு, அங்கிருந்து நம் பக்கம் வந்து சேரும் மின்னூட்டம் இல்லாத நடுநிலை அணுக்களைத்தான் நம்ப வேண்டும். 2008-இல் ஏவப்பட்ட நாசாவின் ஐபெக்ஸ் செயற்கைக்கோள் அவற்றை எண்ணி, ஆறு மாதத்துக்கு ஒரு முழு வான வரைபடம் தந்தது. ஒரு சிறு நேரத் துண்டில் விழுவது விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்களே. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரே திசையைச் சம நேரம் இரண்டு முறை பார்த்தோம். ஒருமுறை 1 அணு, மறுமுறை 9. வழக்கப்படி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பிழையாகக் கொண்டு, பிழை குறைந்த அளவீட்டுக்கு அதிக எடை தந்தால் சராசரி 1.8 வரும். சரியான விடை 5! தற்செயலாகக் குறைந்த எண்ணிக்கை, துல்லியமான அளவீடு போல வேடமிட்டு விடையைக் கீழே இழுக்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் கணக்கே உடைந்துபோகும். அணுக்களைக் கூட்டுங்கள், பார்த்த நேரத்தையும் கூட்டுங்கள், அப்புறம் வகுங்கள். இன்னும் நல்லது, பாய்சான் பரவலை (தற்செயலாக விழுபவற்றின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்கும் என்று சொல்லும் கணித விதியை) நேரடியாகப் பொருத்துவது.

பின்னணி இரைச்சலை முதலிலேயே கழித்துவிடுவதும் இதே வகைத் தவறுதான். வரைபடத்தின் சில கட்டங்களில் எண்ணிக்கை எதிர்மறையாகும். அவற்றைப் பூஜ்யமாக்கினால் மங்கலான பகுதிகள் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியும். பின்னணியைக் கழிக்காமல் பொருத்தும் கணித மாதிரிக்குள்ளேயே ஓர் உறுப்பாக வையுங்கள்.

படம் அழகாக வர வேண்டுமென்று வானம் முழுவதையும் ஒரே அளவில் வழவழப்பாக்குவதுதான் (பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரியாக்குவதுதான்) எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 2009-இல் அறிவிக்கப்பட்ட, யாருமே எதிர்பார்க்காத ஒளிர்பட்டை, அதாவது அணுக்கள் மிகுதியாக வந்துசேரும் வானப் பட்டை, சுமார் 20 பாகை அகலம்தான். கருவியின் பார்வைப்புலமே ஏறக்குறைய 7 பாகைக்கு மங்கலாக்குகிறது. அதன்மேல் நாமும் மங்கலாக்கினால் பட்டை அகன்று, உச்சம் தாழ்ந்துவிடும். பட்டையின் ஓரத்தில் குறைவாகவும் மற்ற இடங்களில் கூடுதலாகவும் வழவழப்பாக்கும் முறைகள் உண்டு. எந்த முறையானாலும், விடை தெரிந்த செயற்கை வானத்தில் முதலில் சோதியுங்கள்.

காலத்தையும் மறக்க வேண்டாம். 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஹைட்ரஜன் அணு 100 வானியல் அலகு (பூமி–சூரியன் தூரத்தைப் போல 100 மடங்கு) தூரத்தைக் கடக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆற்றல் கூடினால் சீக்கிரம் வரும். ஒரே நாளில் வந்து சேர்ந்தவை ஒரே நாளில் கிளம்பியவை அல்ல.