ஸ்பிளங்க் கிளஸ்டர்: ஒரு தேடல் எந்த சர்வரில் ஓடுகிறது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை. அதன் மெஷின் லாக் (மெஷின்கள் எழுதும் பதிவுகள்) முழுவதும் ஸ்பிளங்கில், அதாவது லாகைச் சேர்த்துத் தேடித் தரும் மென்பொருளில், சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேடலை நடத்தும் சர்வர்தான் சர்ச் ஹெட். இங்கே மூன்று சேர்ந்து ஒரு கிளஸ்டர் (குழு): ஓசூர், பர்கூர், ஊத்தங்கரை என்று பெயர். ஒவ்வொன்றிலும் 16 சிபியு கோர். டேட்டா இருப்பது தனியாக, இண்டெக்ஸர் என்ற வேறு சர்வர்களில்.

படி 1: மூன்றில் கேப்டன், அதாவது வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சர்ச் ஹெட், எது என்று பாருங்கள். செட்டிங்ஸில் சர்ச் ஹெட் கிளஸ்டரிங் பக்கத்தில் தெரியும். மூன்றும் ஓட்டுப்போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. அதனால் இன்று பர்கூர் என்றால் நாளை ஊத்தங்கரையாக இருக்கலாம். மூன்றில் இரண்டு படுத்துவிட்டால் கேப்டனே இருக்காது. ஷெட்யூல் செய்த (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) தேடல், அலர்ட் எல்லாம் நின்றுவிடும்.

படி 2: தேடல் எந்த வகை என்று பிரியுங்கள். புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். கேப்டன் பிரித்துக் கொடுப்பது ஷெட்யூல் தேடல்களை மட்டுமே; யாருக்குச் சுமை குறைவோ அதற்கு அனுப்பும். நீங்கள் கையால் டைப் செய்யும் தேடல், லாகின் செய்த சர்வரிலேயே ஓடும். எல்லோரும் ஓசூரின் முகவரியையே புக்மார்க் செய்து வைத்திருந்தால் ஓசூர் திணறும், மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். முன்னால், வருபவர்களை மூன்றுக்கும் பகிர்ந்து அனுப்பும் ஒரு லோட் பேலன்ஸர் வையுங்கள். ஸ்டிக்கி செஷன் கட்டாயம். ஒருவருடைய செஷன் பாதியில் வேறு சர்வருக்குத் தாவக்கூடாது.

படி 3: கணக்குப் போடுங்கள். ஒரு சர்ச் ஹெட் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடியது, மாற்றாமல் விட்ட செட்டிங்கில், ஒரு கோருக்கு 1 தேடல், கூடவே 6. ஆக 16 + 6 = 22. இதில் பாதி, அதாவது 11, ஷெட்யூல் தேடல்களை ஓட்டும் ஷெட்யூலருக்கு. மூன்று சர்வருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் 33 ஷெட்யூல் தேடல்.

படி 4: நேரத்தைத் தள்ளிவையுங்கள். உதாரணமாக, 50 தேடலுக்கும் கிரானில் (ஓடும் நேரத்தைக் குறிக்கும் முறை) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது */5 * * * * என்று போட்டால் 0, 5, 10 நிமிடங்களில் எல்லாம் ஒன்றாக வந்து முட்டும். பாதிக்கு 2-59/5 * * * * என்று கொடுங்கள்; அவை 2, 7, 12 என்று ஓடும். அவசரமில்லாத ரிப்போர்ட்டுகளுக்கு ஷெட்யூல் விண்டோவும் (இவ்வளவு நேரம் வரை தள்ளி ஓடலாம் என்ற அனுமதி) கொடுக்கலாம். தாமதமாக ஓடினாலும், குறித்த நேரத்தின் டேட்டாவையே எடுக்கும்.

படி 5: ஒரு ஷெட்யூல் தேடல் ஓடாமல் ஸ்கிப் ஆகிவிட்டால், அதன் காரணத்தைப் படியுங்கள். மானிட்டரிங் கன்சோலில் ஷெட்யூலர் பகுதியில் இருக்கும். கிளஸ்டரின் மொத்த வரம்பு நிரம்பியது என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். குறிப்பிட்ட அந்தத் தேடலின் வரம்பு என்று வந்தால் அதன் முந்தைய ஓட்டமே இன்னும் முடியவில்லை. அதற்கு சர்வர் சேர்த்துப் பயனில்லை. தேடும் கால அளவைச் சுருக்குங்கள், இண்டெக்ஸ் (டேட்டாவைப் பிரித்து வைத்திருக்கும் தொகுப்பு) பெயரைக் குறிப்பிட்டுத் தேடுங்கள்.

நான்காவது சர்ச் ஹெட் வாங்கும் முன் இண்டெக்ஸரைப் பாருங்கள். ஒவ்வொரு தேடலும் எல்லா இண்டெக்ஸருக்கும் போகிறது. அங்கேயும் ஏறக்குறைய ஒரு கோரைப் பிடிக்கிறது. 33 தேடல் ஒரே நேரத்தில் ஓடினால் 16 கோர் இண்டெக்ஸர் ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சேர்க்க வேண்டியது இண்டெக்ஸர்தான்.