கைக்குழந்தையோடு யாழ்ப்பாணம் போவோருக்கு

கனடாவிலிருந்து போவதற்குப் பயணச்சீட்டுப் போட்ட கையோடு குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். புறப்பட ஆறு வாரமாவது இருக்கும்போது வைத்தியரிடம் போக வேண்டும். முதலில் கேட்க வேண்டியது சின்னமுத்து (தட்டம்மை) ஊசி. இலங்கையில் 9 மாதத்தில் போடுவதைக் கனடாவில் 12 மாதத்தில்தான் தொடங்குகிறார்கள். பயணம் போகும் 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு முன்கூட்டியே ஒன்று போடலாம். ஆனால் அது கணக்கில் சேராது, பிறகு வழமையான இரண்டும் போட்டாக வேண்டும். ஊசி வேலைசெய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். 2019-இல் சின்னமுத்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட இலங்கையில் 2023-இல் அது திரும்பப் பரவியது. மலேரியா ஒழிந்ததாக 2016-இலேயே அறிவிக்கப்பட்டது; அதற்குக் குளிசை தேவைப்படாது.

பலர் சறுக்குவது தண்ணீரில். "நல்லாக் கொதிக்க வைச்ச கிணத்துத் தண்ணிதானே" என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று என்ற உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிக் கழிவும் கிணறுகளுக்குள் இறங்குகின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள தண்ணீரில் பால்மா கரைத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சரியாகக் காவாமல் போகலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அதனால் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர நிர்ணய) முத்திரையுள்ள போத்தல் தண்ணீரை வாங்கி, அதையும் கொதிக்க வைத்தே பால் கரையுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம்வரை எந்த வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். அம்மம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும்தான்!

வயிற்றோட்டம் என்றால் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் தூள். ஒரு லீற்றர் பக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். ஒரு கப்பில் கொஞ்சம் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிவிடும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், தேக்கரண்டியால். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மெல்ல மெல்லத் தொடருங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

மார்கழி, தை மாதங்கள் டெங்குக் காலம். அந்த நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை கட்ட வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஐபுபுரோபன், அஸ்பிரின் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடும். அளவில் கவனம்: கனடாவின் குழந்தைத் துளி மருந்து ஒரு மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம், ஊரில் வாங்கும் பாணி பெரும்பாலும் ஐந்து மில்லிலீற்றரில் 120. இரண்டையும் ஒரே கரண்டியால் அளக்காதீர்கள்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் இறங்கும் வேளைதான் டெங்கில் ஆபத்தானது: விடாத வாந்தி, வயிற்றுநோ, சோர்வு, சிறுநீர் குறைவு கண்டால் உடனே வைத்தியசாலை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே காத்திருக்கக் கூடாது. இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990; போகும்போது தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.