யாழ்ப்பாணத்து வீட்டில் வைன் அறை: முதலில் சுவர், பிறகுதான் மெசின்

வைன் அறை என்றதும் நிலத்துக்குக் கீழே கிண்டவேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். யாழ்ப்பாணத்தில் அந்த எண்ணத்தைக் கைவிட ஒரு வாளித் தண்ணீர் போதும். விடியக்காலையில் கிணற்றில் அள்ளிய தண்ணீருக்குள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 27, 28 பாகையில்தான் நிற்கும். சில மீற்றர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். பிரான்சின் ஷாம்பேன் பகுதியிலும் நிலத்தடி சுண்ணக்கல்தான், ஆனால் அங்கே அது 10, 12 பாகை. நம் சுண்ணக்கல் 28 பாகை. போதாததற்கு, மாரியில் கிணறு மேலே வரும்போது நீங்கள் கிண்டிய குழியும் சேர்ந்து நிரம்பும். ஆகவே அறை நிலத்துக்கு மேலே, வீட்டுக்குள்ளே.

அறை தேவையா என்பதையும் முதலில் பாருங்கள். தோலகட்டி ஆச்சிரமத்தில் வாங்கிவந்த முந்திரிகை வைன் நத்தாருக்கு முன் முடிந்துவிடும், அதற்கு அலுமாரியே போதும். ஐம்பது அறுபது போத்தல் என்றால் கண்ணாடிக் கதவு வைன் குளிர்ப்பெட்டி ஒன்று வாங்குங்கள். அதன் பின்பக்க ஒட்டியில் காலநிலை வகுப்பு என்று ஓர் ஆங்கில எழுத்துக் குறி இருக்கும். ‘என்’ என்றால் 32 பாகை வரை, ‘எஸ்டி’ என்றால் 38, ‘டி’ என்றால் 43. பங்குனி சித்திரை வெயிலுக்கு ‘என்’ வகுப்புப் பெட்டி நாள்முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். இருநூறு போத்தலைத் தாண்டி, வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகிறவர்களுக்குத்தான் கீழே சொல்லும் வேலை.

எதிரி வெயில் மட்டுமல்ல

இங்கே காற்றின் பனிநிலை பெரும்பாலான நாட்களில் 24, 25 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்த மேற்பரப்பும் வியர்க்கும். அறையை 14 பாகையில் வைத்தால், வெளியே உள்ள ஈரம் சுவரினூடாகவும் விரிசலினூடாகவும் ஓயாமல் உள்ளே வரப்பார்க்கும். அதைத் தடுக்காமல் எவ்வளவு பெரிய மெசின் பூட்டினாலும் லேபிளில் பூஞ்சணம் பிடிக்கும், பக்கத்து அறைச் சுவரின் பெயின்ற் கொப்பளிக்கும், கரண்ட் பில் ஏறும்.

கணக்கைப் பாருங்கள். 8 அடி நீளம், ஆறரை அடி அகலம், 8 அடி உயரமான அறை. சுவர், கூரை, நிலம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 31 சதுர மீற்றர். வெளியே 32 பாகை, உள்ளே 14. வெறும் சீமெந்துக் கல் சுவரும் வெயில் படும் கொங்கிறீற் தட்டும் என்றால் உள்ளே வரும் வெப்பம் 1400 வாற்ஸைத் தாண்டும். 50 மில்லிமீற்றர் ரெஜிபோம் ஒட்டினால் 330 அளவுக்கு இறங்கும். 75 மில்லிமீற்றர் பொலியூரேத்தேன் பனல் அடித்தால் 175. மெசினின் அளவைத் தீர்மானிப்பது சுவர் என்பது இதனால்தான்.

இடம் தெரிவு செய்யும்போது மேற்குச் சுவரையும் குசினிச் சுவரையும் தவிருங்கள். கீழ்த்தளத்தில், மேலே இன்னொரு அறை இருக்கும் உள்ளறை நல்லது. மேலே மொட்டைத் தட்டு மட்டும்தான் என்றால், தட்டுக்கும் குளிரறைக் கூரைக்கும் இடையே அரை அடி இடைவெளி விட்டு அதில் காற்றோட வழி வையுங்கள். பழைய நாற்சார் வீட்டில் ஓட்டுக்குக் கீழே செய்வதென்றால், அறைக்குள் தனியாக ஒரு பெட்டி கட்டுவதுதான் ஒரே வழி.

பொலித்தீன் எந்தப் பக்கம்

இதில்தான் அதிகம் பிழை வருகிறது. ஈரத்தடை எப்போதும் சூடான பக்கத்தில், அதாவது கல் சுவருக்கும் காப்புப் பலகைக்கும் நடுவே வரவேண்டும். குளிர்நாட்டு வீடியோக்களில் வீட்டுச் சுவருக்கு உள்பக்கமாக, கடைசியாகப் பொலித்தீன் அடிப்பார்கள். அங்கே வீட்டின் உள்பக்கம்தான் சூடு. அதைப் பார்த்து இங்கே செய்தால் காப்புக்குள்ளேயே தண்ணீர் நின்று, இரண்டு மாரியில் ரெஜிபோம் ஊறிவிடும்.

பூசிய சுவர் நன்றாகக் காய்ந்த பின் 1000 கேஜ் பொலித்தீனைக் கூரையிலிருந்து நிலம் வரை ஒரே விரிப்பாக இறக்குங்கள். பொருத்து வரும் இடத்தில் 6 அங்குலம் மேலடுக்கி, அலுமினிய ரேப்பால் ஒட்டுங்கள். மூலைகளில் இழுத்துப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், இறுக்கினால் பலகை அழுத்தும்போது கிழியும். ஆணியோ திருகாணியோ துளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு துளி சிலிக்கன். இதன்மேல் காப்புப் பலகையை இரண்டு அடுக்காக, முதல் அடுக்கின் பொருத்து இரண்டாம் அடுக்கால் மூடப்படும்படி வையுங்கள். உள்பக்கம் இன்னொரு பொலித்தீன் போடவேண்டாம். தப்பி வந்த ஈரத்துக்கு வெளியேற ஒரு வழி வேண்டும்.

ரெஜிபோம் வாங்கும்போது பொதிசெய்யும் ரகத்தை வாங்கிவராதீர்கள். விரலால் அழுத்தினால் மணிமணியாக உதிர்வது அந்த ரகம். கன மீற்றருக்கு 20 கிலோவுக்குக் குறையாத கட்டட ரகம் வேண்டும். எறும்பு ரெஜிபோமைக் குடைந்து கூடு கட்டும், கறையானும் அதனூடாக வழி எடுக்கும். எனவே விளிம்பு எங்கும் வெளியே தெரியாமல் சீமெந்துப் பலகையால் மூடிவிடுங்கள். பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பவர்கள் இருபக்கமும் தகடு ஒட்டிய 75 மில்லிமீற்றர் பொலியூரேத்தேன் பனலைத் தெரிவு செய்யலாம். வெளித் தகடே ஈரத்தடையாகிவிடும், பொருத்துகளின் வெளிப்பக்கத்தைச் சிலிக்கனால் அடைத்தால் சரி. நம் சிபாரிசு இதுதான். இரண்டே நாளில் அறை எழும்பிவிடும்.

நிலத்தை மறந்துவிடுவார்கள். பொலித்தீன், அதன்மேல் 50 மில்லிமீற்றர் கெட்டிக் காப்புப் பலகை, அதன்மேல் கம்பிவலை வைத்து 2 அங்குலக் கொங்கிறீற், பிறகு மாபிள். வாசலில் நான்கு அங்குலத்துக்கு மேல் படி உயரும் என்பதைக் கதவு செய்யும் தச்சருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதவைப் பற்றி வீட்டில் உள்ளவர்களோடு ஒரு சண்டை நிச்சயம். எல்லோருக்கும் கண்ணாடிக் கதவு வேண்டும். 20 சதுர அடி ஒற்றைக் கண்ணாடி ஏறத்தாழ 190 வாற்ஸ் வெப்பத்தை உள்ளே விடும். பனல் அறை முழுவதும் விடுவதைவிட அது கூட. வெளிப்பக்கம் எந்நேரமும் தண்ணீர் வழியும். சாதாரண இரட்டைக் கண்ணாடிகூட, வெளியே 27 பாகையாக இருக்கும் இரவில், 22 பாகையளவுக்குக் குளிர்ந்து வியர்க்கும். பனல் கதவே போடுங்கள். உள்ளே இருப்பதைக் காட்டத்தான் வேண்டுமென்றால் ஓரடிக்கு ஓரடி இரட்டைக் கண்ணாடிச் சாளரம் வைத்து, கீழே ஒரு துண்டுத் துணியையும் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிவரக் காந்த ரப்பர், அடியில் தரையோடு உரசும் ரப்பர் இரண்டும் கட்டாயம்.

எந்த மெசின்

கனடாவிலிருந்து உறவுகள் அனுப்பும் சுவரில் பொருத்தும் வைன் குளிரூட்டி 115 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்றேஜை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹேர்ட்ஸில் கொம்பிரசர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சூடேறி ஓடும், ஆயுளும் குறையும். லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெளிக்காற்று எத்தனை பாகை வரை தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். 30 என்று போட்டிருந்தால் இங்கே உதவாது.

அடுத்து, வீட்டு ஏசி. சாதாரணமாகக் கிடைப்பதில் ஆகச் சிறியது 9000 பி.ரி.யூ., அதாவது 2600 வாற்ஸ் குளிர். உங்களுக்குத் தேவையோ முந்நூறு சொச்சம். சில நிமிடத்தில் குளிர்ந்து நின்றுவிடும், நின்றபின் விசிறி, கொயிலில் (காற்றைக் குளிராக்கும் குழாய்ச் சுருளில்) இருந்த ஈரத்தைத் திரும்ப அறைக்குள் ஊதும். றிமோற்றில் 16க்குக் கீழே போகவும் விடாது. ஒரு வருடத்துக்குள் குடித்து முடிக்கப்போகும் வைனுக்கு 16, 17 பாகை ஒரே சீராக இருந்தால் தாராளம். அந்த அளவு போதுமென்றால் ஏசியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நீண்ட நாள் சேமிப்புக்கு நல்லது சிறிய குளிரறை மெசின்தான். வெளியே கொம்பிரசரும் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சரும், உள்ளே விசிறியோடு தொங்கும் கொயில், குழாய்க்குள் ஓடிக் குளிர்விக்கும் ஆர்134ஏ காஸ். ஐஸ்கிரீம் கடைக்கும் மீன் குளிரறைக்கும் வேலை செய்யும் மெக்கானிக் எவருக்கும் இது கைவந்த வேலை, உதிரிப்பாகமும் கிடைக்கும். கணக்கு: சுவர் 175 வாற்ஸ், உள் விசிறி 40, கதவு திறப்பு, லைற், ஆள் எல்லாவற்றுக்கும் 100. ஆக 315. மெசின் நாளுக்கு 16 மணித்தியாலம்தான் ஓடவேண்டும் என்று வைத்தால் 470. அறுநூறிலிருந்து எழுநூறு வாற்ஸ் தரும் மூன்றில் ஒரு குதிரைவலு மெசின் போதும். அந்த எண் கொயில் 5 பாகையிலும் வெளிக்காற்று 38 பாகையிலும் இருக்கும்போது தரும் அளவா என்று கேட்டு வாங்குங்கள்.

“சும்மா கிடக்கிற டீப் ஃபிரீசர் கொம்பிரசரைப் போடுவம்” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மிகக் குளிர்ந்த, மெலிந்த காஸை இழுக்கச் செய்தது. 5 பாகைக் கொயிலிலிருந்து வரும் அடர்த்தியான காஸில் மோட்டர் சுமை தாங்காமல் ஓவர்லோட்டில் விழும்.

கொயிலுக்கும் அறைக்கும் இடையே 8 முதல் 10 பாகை வித்தியாசம் இருக்கும்படி கொயிலைத் தெரிவு செய்தால் ஈரப்பதன் 65, 70 வீதத்தில் நிற்கும். சின்னக் கொயிலை வைத்து வித்தியாசத்தைக் கூட்டினால் காற்று வறண்டு, கார்க் சுருங்கும்.

பொருத்துதல்

வெளி மெசினை வீட்டின் வடக்கு அல்லது கிழக்குப் பக்க நிழலில், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள். அழகுக்காகக் கூடு கட்டி மூடினால் தன் சூட்டையே திரும்ப இழுக்கும். சோளகக் காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும் பக்கத்தையும் தவிருங்கள். குருநகர், காரைநகர் போன்ற கரையோரங்களில் பூச்சுப் பூசிய கொண்டென்சர் கேளுங்கள்.

குழாய் போகும் துளைக்கு இரண்டங்குலப் பிவிசி துண்டு ஒன்றை வெளிப்பக்கம் சற்றுச் சரித்துப் புதைத்து, குழாய்கள் போனபின் ஃபோம் அடித்து, சூடான பக்க வாயைச் சிலிக்கனால் மூடுங்கள். வேலை முடிந்த களைப்பில் இதை விட்டுவிடுவார்கள். ஈரம் நுழைய இந்த ஒரு துளை போதும். திரும்பிவரும் செப்புக் குழாய்க்கு 19 மில்லிமீற்றர் ரப்பர் உறை போடுங்கள், 9 மில்லிமீற்றர் உறை இந்தக் காற்றில் சொட்டும்.

பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைதரசன் மெதுவாக ஓடவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கரி உதிர்ந்து வால்வை அடைக்கும். பிறகு 150 பிஎஸ்ஐ நைதரசன் ஏற்றி ஓரிரவு விடுங்கள். முள் இறங்கவில்லை என்றால் வாக்குவம் பம்ப் பூட்டி, வாக்குவ மானியில் 500 மைக்ரோன் வரை இறக்குங்கள். காஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவது வாக்குவம் ஆகாது. ஆர்134ஏ கொம்பிரசரின் எண்ணெய் ஈரத்தைக் குடிக்கும், மூடியைக் கழற்றியபின் கால் மணிக்குமேல் திறந்து விடக்கூடாது.

கொயிலின் தண்ணீர்க் குழாய் முக்கால் அங்குலம், மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு, வெளியே தண்ணீர் தேங்கி நிற்கும் மூன்றங்குல வளைவுப் பொறி, வாயில் நுளம்பு வலை. பொறியில் தண்ணீர் இல்லாவிட்டால் அந்தக் குழாயே வெளிக்காற்றை உறிஞ்சும் மூக்காகிவிடும்.

கரண்டுக்குத் தனி வயர், 2.5 சதுர மில்லிமீற்றர், 10 அம்பியர் பிரேக்கர், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச், சரியான நில இணைப்பு. வோல்றேஜ் காவலன் ஒன்றும், கரண்ட் வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்துத் தொடங்கும் ரைமரும் கட்டாயம். பல்லி உள்ளே போய்க் காந்த சுவிட்சில் ஒட்டிக் கருகுவது அடிக்கடி நடக்கும், வயர் துளைகளை அடைத்துவிடுங்கள். மின்தடைக்குப் பயப்படவேண்டாம். 300 போத்தல் நிறைந்த அறை, கதவைத் திறக்காவிட்டால், மணித்தியாலத்துக்கு அரைப் பாகை அளவில்தான் ஏறும். மாதம் 120 முதல் 150 யூனிற் வரும். வீட்டுப் பாவனையோடு சேர்ந்து 180ஐத் தாண்டினால் பில்லின் உச்சக் கட்டத்துக்குள் போகும் என்பதை இப்போதே கணக்கில் எடுங்கள்.

போத்தல் வைக்கும் முன்

கதவை மூடி உள்ளே இருட்டில் நில்லுங்கள். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஈரமும் வரும். பிறகு ஓர் ஊதுபத்தியைக் குழாய்த் துளை, கதவு ஓரம் எல்லாம் கொண்டுபோய்ப் பாருங்கள். புகை வளைந்தால் ஓட்டை. இந்தச் சோதனையை வைன் வைத்தபின் செய்யாதீர்கள், கார்க் வாசனை இழுக்கும். அதே காரணத்தால் தட்டுகளுக்கு மண்ணெண்ணெயோ கறையான் மருந்தோ பூசாத மரம் வேண்டும். வைரம் பாய்ந்த பனை நல்லது. நிறைந்த போத்தல் ஒன்று ஒன்றேகால் கிலோ, 300 போத்தல் நானூறு கிலோவுக்குக் கிட்ட வரும்.

புதுக் கொங்கிறீற் மூன்று கிழமை காய்ந்தபின் மெசினை 24 பாகையில் தொடங்கி, நாளுக்கு இரண்டாக 14க்கு இறக்குங்கள். வைனின் உண்மையான வெப்பநிலையைப் பார்க்க, தண்ணீர் நிரப்பிய போத்தலுக்குள் வெப்பமானி முனையை விட்டு நடுத்தட்டில் வையுங்கள். அறைக்காற்று மெசினோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதைப் பார்த்துப் பதறவேண்டாம்.

மெசின் ஓயாமல் ஓடியும் 18க்குக் கீழே போகவில்லை என்றால் முதலில் கொண்டென்சரைப் பாருங்கள், தூசியோ உப்போ அடைத்திருக்கும். கொயிலில் பனி பிடித்தால் உள்விசிறி நின்றிருக்கும், அல்லது காஸ் குறைந்திருக்கும். ஈரப்பதன் 80ஐத் தாண்டினால் மெசினைத் திருத்தக் கூப்பிடாமல் கதவு ரப்பரைச் சோதியுங்கள்: இருபது ரூபாய்த் தாள் ஒன்றைக் கதவில் வைத்து மூடி இழுங்கள், வழுக்கி வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. கொண்டென்சரை மாதம் ஒருமுறை, மெசினை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வளவுக் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம், தாங்கியில் பிடித்த மழைத் தண்ணீர் இரண்டு வாளி போதும்.